நெஞ்சு அடைக்கிறது என்று மூன்று முறை ஈசிஜி எடுத்தேன்: மனநல ஆலோசனை பற்றி நம்ம மாவட்டத்துக்காரர்களோடு கொஞ்சம் பேச வேண்டும்

காவேரிப்பட்டணத்தான்

வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்தேன். போன வாரம் எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவரைப் பற்றி "அவனுக்கு மென்டல் ஆஸ்பத்திரியில வைத்தியமாம்" என்று குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். அதே வைத்தியம் எனக்கும் நடந்தது என்று அங்கே என்னால் சொல்ல முடியவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் இங்கே சொல்கிறேன்.

எனக்கு 41 வயது. ஐந்து ஏக்கர் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா, மற்ற ஊர்க்காரர்கள் தோத்தாபுரி என்பது. எல்லாம் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகும் காய். விலை சரிந்த ஒரு வருஷம் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டவில்லை. காயை மரத்திலேயே விட்டுவிட்டேன். பழுத்து விழுந்து அழுகி, தோப்பு முழுக்க ஈ மொய்த்து, அந்தப் புளித்த வாடை வீடு வரைக்கும் வந்தது. ஒரு பக்கம் சொசைட்டிக் கடன், இன்னொரு பக்கம் மனைவியின் நகை அடகில்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சின் மேல் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். விரல் நுனி மரத்துப்போகும், வாய் உலர்ந்துவிடும், இதோ உயிர் போகப் போகிறது என்று தோன்றும். மச்சானைக் கூப்பிட்டு, பைக்கில் என்னை நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். ஈசிஜி நார்மல். ஒரு ஊசி. "கேஸ்தான், நேரத்துக்குச் சாப்பிடுங்க." இப்படி மூன்று முறை, மூன்று வெவ்வேறு இடங்களில். மாமியார் மந்திரித்த கயிறு வாங்கி வந்து கட்டினார். கட்டிக்கொண்டேன்.

நான்காவது முறை பணியில் இருந்தவர் ஒரு இளம் டாக்டர். ஈசிஜி தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணா, தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பதில் சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவர் ஒரு சீட்டில் மனநலப் பிரிவு என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டு 22 நாள் என் சட்டைப் பையில் இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்தேன், போகத்தான் இல்லை. ஒருநாள் மறந்துபோய்த் துணியோடு துணியாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. மனைவி அதை எடுத்து, ஒன்றும் கேட்காமல், வெயிலில் காய வைத்து, சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குக் கீழே வைத்திருந்தாள். மறுநாள் காலையில் இரண்டு பேருமாகக் கிளம்பிப் போனோம்.

ஷாக் கொடுப்பார்கள், கட்டிப்போடுவார்கள் என்ற பயத்தோடுதான் போனேன். ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் அந்த அறை. டாக்டர் பசி, தூக்கம், வேலை எல்லாம் விசாரித்தார். சாக வேண்டும் என்று எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டார். "வருது" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் முறை. மாத்திரை எழுதிவிட்டு, பக்கத்து அறையில் இருந்த உளவியலாளரிடம் அனுப்பினார்.

அந்த அம்மா செய்த ஒரு காரியத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். "ஒரு நிமிஷம் வேகவேகமா மூச்சு விடுங்க, நானும் கூடவே விடறேன்" என்றார். விட்டோம். அரை நிமிஷத்திலேயே என் விரல் நுனி மரத்தது. அதே மரப்பு, ராத்திரி இரண்டு மணி மரப்பு! "இப்ப மெதுவா விடுங்க." கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பயத்தில் மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால்தான் விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது, இந்த அலை பத்து நிமிஷம் வாக்கில் உச்சிக்குப் போய் அப்புறம் தானாகவே இறங்கிவிடும் என்று சொன்னார். மாரடைப்பு என்று நினைத்து நான் நடுங்கியதை, அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானே வரவழைத்தேன், நானே போக்கினேன். என் பயத்தில் பாதி அன்றைக்கே இறங்கிவிட்டது.

மீதிப் பாதிக்கு எட்டு மாதம் ஆனது. கடன் இன்னும் இருக்கிறது, அதைக் கவுன்சலிங் அடைக்காது. ஆனால் சொசைட்டிக்குப் போய் உட்கார்ந்து தவணை பேசுகிற தெம்பு வந்தது. யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

---

ஓசூர் நைட் ஷிஃப்ட்

அண்ணா, மனசு விட்டு எழுதியதற்கு நன்றி. எனக்கு 27 வயது, ஓசூரில் வேலை. வாரம் மாறி வாரம் நைட் ஷிஃப்ட். நானும் ஆறேழு மாதமாக ஒரு மாதிரிதான் இருக்கிறேன். ரூமில் எல்லாரும் சிரித்தால் நானும் சிரிப்பேன், உள்ளே ஒன்றும் ஓடாது. ஆனால் ஒரு சந்தேகம். கவுன்சலிங் என்றால் அறிவுரைதானே? அதை அப்பா சொல்கிறார், அக்கா சொல்கிறாள், ரூம்மேட் சொல்கிறான். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்க் கேட்டால் மட்டும் என்ன மாறிவிடும்? நண்பர்களிடம் பேசினால் போதாதா?

---

காவேரிப்பட்டணத்தான்

தம்பி, நானும் இதையேதான் நினைத்தேன். அறிவுரை எனக்கும் குறைவில்லாமல் கிடைத்தது. பெரியப்பா "ஆம்பளைக்கு இதெல்லாமா" என்றார். ஒரு நண்பன் யோகா போ என்றான், இன்னொருவன் ஒரு குவார்ட்டர் போட்டுத் தூங்கு என்றான். எல்லாரும் என் மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனால் நான் பேச்சை முடிப்பதற்கு முன்பே அவர்களிடம் பதில் தயாராக இருந்தது.

அந்த அம்மா எட்டு முறை பார்த்தும் எனக்கு அறிவுரை என்று ஒன்றும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். "எல்லாம் போச்சு" என்றேன். "எது எது போச்சு, எண்ணிச் சொல்லுங்க" என்றார். எண்ணினேன். ஒரு வருஷக் காய் போனது, நகை அடகுக்குப் போனது. மரம் போகவில்லை, நிலம் போகவில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது நிற்கவில்லை. இன்னொரு நாள் "நான் உதவாக்கரை" என்றேன். "உங்க பக்கத்துத் தோப்புக்காரரும் அந்த வருஷம் காயை மரத்திலேயே விட்டாரே, அவரும் உதவாக்கரையா?" என்றார். இல்லை, விலை விழுந்ததற்கு அவர் என்ன செய்வார் என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிஷ மௌனத்தில் நடந்தது ஒரு வருஷ ஆறுதல் வார்த்தைகளில் நடக்கவில்லை.

அப்புறம் வீட்டுப்பாடம். தோப்புப் பக்கமே போகாமல் இருந்தேன். தினமும் காலை ஆறு மணிக்குப் போய்ப் பத்து மரத்தை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள், வேலை ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். வந்ததும் ஒரு நோட்டில் மனது எப்படி இருந்தது என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். முதல் வாரம் எல்லாம் இரண்டு, மூன்று. மனது சரியானால் வேலைக்குப் போகலாம் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கால் முதலில் நடக்கட்டும், மனது பின்னால் வரும் என்பதுதான் இந்த முறையாம்.

நண்பர்கள் வேண்டும் தம்பி, விட்டுவிடாதே. ஆனால் நண்பனிடம் சொன்னதை அடுத்த முறை அவன் கண்ணில் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அறையில் சொன்னது அந்த அறையிலேயே தங்கிவிடுகிறது.

---

பென்னாகரம் செவிலி

நான் அரசு மருத்துவமனையில் 19 வருஷமாகச் செவிலியாக இருக்கிறேன். இந்த அண்ணன் மாதிரி எத்தனை பேரை ஈசிஜி மேசையிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று நினைத்தால் எனக்கே வலிக்கிறது.

நம்ம பக்கத்து ஜனங்கள் "மனது சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். உடம்பு எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது, குடலைப் புரட்டுகிறது, கை கால் ஓய்ந்துபோகிறது என்றுதான் வருவார்கள். அது நடிப்பு இல்லை. வலி உண்மை. மனச்சோர்வும் பதற்றமும் உடம்பு வழியாகத்தான் முதலில் பேசும். எல்லாப் பரிசோதனையும் நார்மல், ஆனால் தூக்கமும் பசியும் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது, பிடித்த காரியத்திலும் மனது ஒட்டவில்லை என்றால் மனநலப் பிரிவில் காட்டிவிடுங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு இவற்றிலும் இதே சோர்வு வரும், அதனால் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

யாரிடம் போவது என்ற குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மாத்திரை எழுதுபவர் அவர். மருத்துவ உளவியலாளர் பேச்சுச் சிகிச்சை கொடுப்பவர், மாத்திரை எழுத மாட்டார். தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். மூன்று நாளில் மனக்கவலை போக்குகிறோம் என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்களில் காசைக் கொட்டாதீர்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காட்டலாம். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அந்தக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் முறை வைத்து வரும். உங்கள் ஊருக்கு என்றைக்கு வருகிறார்கள் என்று ஓபி சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டாலே சொல்வார்கள். ஓசூர் தம்பிக்கு இன்னொரு வழியும் உண்டு. நிமான்ஸ் என்கிற மத்திய அரசு மனநல மருத்துவமனை பெங்களூரு ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, உங்களுக்கு 40 கிலோமீட்டருக்குள்தான். எங்கேயும் போக முடியாதென்றால் 14416க்கு போன் போடலாம், அரசு மனநல உதவி எண். டெலிமனஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104லும் பேசலாம்.

மாத்திரை பற்றிக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மனச்சோர்வு மாத்திரை போட்ட அன்றே வேலை செய்யாது. இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுக் கோளாறு கொஞ்சம் இருக்கும். நம்ம ஜனங்கள் சரியாக அந்தப் பத்தாம் நாளில் "இது ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் இரண்டு மாதத்தில் தெளிந்ததும் தாங்களாகவே நிறுத்தி, மறுபடியும் விழுந்து வருகிறார்கள். தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்லி, படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும்.

2015-16இல் நிமான்ஸ் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சைக்கும் வரவில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டத்தை 2021இல் நம்ம சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள், இன்று ஒருவருக்கும் அந்த மாத்திரையை வாங்க வெட்கம் இல்லை. இந்த மாத்திரைக்கும் அந்த நாள் வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

---

தகடூர் வாத்தியார்

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். என் தங்கையைப் பற்றி இதுவரை யாரிடமும் எழுதியதில்லை.

1987இல் இரண்டாவது பிரசவம் ஆன ஐந்தாம் நாளிலிருந்து அவள் தூங்கவில்லை. குழந்தையைக் காட்டி, "இது என்னுது இல்ல, மாத்திட்டாங்க" என்றாள். காற்று கருப்பு என்றார்கள். கோடங்கி வந்தார், வேப்பிலை அடித்தார்கள். அப்புறம் ஒரு இடத்துக்குக் கூட்டிப் போய் 48 நாள் தங்க வைத்தால் சரியாகும் என்றார்கள். நான்தான் கூட்டிப் போனேன். அங்கே அவள் காலில் சங்கிலி போட்டார்கள். அண்ணன் என்கிற முறையில் சரி என்று சொன்னவன் நான். குழந்தைக்குப் பால் கட்டி, ஜாக்கெட் நனைந்து, அவள் அந்தத் தூணருகே உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

பதினோராம் நாள் என் கூட வேலை பார்த்த கணக்கு வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, ஒரே வார்த்தையில் "எழுந்திரு" என்றார். பெங்களூரு நிமான்ஸுக்குக் கொண்டு போனோம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வரும் கடுமையான மனநோய் இது, சரியாகிவிடும், ஆனால் தாமதித்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றார்கள். மூன்று வாரத்தில் பிள்ளையை மடியில் வாங்கினாள். அந்தப் பிள்ளைக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். தங்கை அவர்களுக்குக் களி கிண்டிப் போடுகிறாள்.

2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியோடு இருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் போனார்கள். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அன்று முழுக்க நான் பேசவில்லை. இப்போது 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது. மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்ச்சி கொடுப்பதும் அதில் தடை.

சாமி கும்பிட வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நானே ஆடி தவறாமல் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பவன். கோயிலுக்குப் போங்கள், மாத்திரையையும் மடியில் கட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு தமிழ்ச் செய்தி. அரசு ஆவணங்களில் கவுன்சலரை ஆற்றுப்படுத்துநர் என்று எழுதுகிறார்கள். ஆறு என்றால் வழி. பழந்தமிழில் ஆற்றுப்படை என்பது, வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரில் பசியோடு வரும் இன்னொரு பாணனை நிறுத்தி, நான் போய் வந்தேன், இந்த வழியில் இப்படிப் போ என்று சொல்வது. காவேரிப்பட்டணத்துத் தம்பி இந்த இழையில் செய்திருப்பதும் அதுதான்.

---

பாலக்கோடு தக்காளி

எல்லாரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு முதல் கவுன்சலிங் பயன்படவில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம், வீட்டில் நடந்த கொடுமை தாங்காமல் ஒரு தனியார் இடத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, மாமியாரும் அம்மா மாதிரிதான்" என்றார். அடுத்த அரை மணி நேரம் அவர் மகள் எப்படி அனுசரித்தாள் என்ற கதை. ஃபீஸ் கொடுத்துவிட்டு வந்து பஸ்ஸில் அழுதேன். கவுன்சலிங் என்றாலே இதுதான் என்று ஒரு வருஷம் விட்டுவிட்டேன்.

அப்புறம் வேறொருவரிடம் போனேன். இவர் முதல் கேள்வியே "வீட்டில் அடி உண்டா? இப்போ நீங்க பாதுகாப்பா இருக்கீங்களா?" என்பதுதான். அங்கேதான் எனக்கு மூச்சு வந்தது. ஆகவே ஒருவரிடம் சரிப்படவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், முயற்சியை விடாதீர்கள். டெய்லர் சரியில்லை என்று நாம் துணி உடுத்துவதையா விட்டுவிடுகிறோம்? உங்களைப் பேசவே விடாமல் தன் கதையைச் சொல்பவர், உங்கள் மேல் குற்றம் போடுபவர், எழுந்து வந்துவிடுங்கள்.

---

விடுதி அறை 14 (இரவு 11:12)

நான் தர்மபுரியில் காலேஜ் இரண்டாம் வருஷம். இங்கே போனால் காலேஜுக்குத் தெரியுமா? வார்டன், அப்பா யாருக்காவது சொல்வார்களா? மூன்று அரியர். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்து பணம் அனுப்புகிறார். அவருக்குப் போன் பண்ணவே பயமாக இருக்கிறது. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

---

பென்னாகரம் செவிலி (இரவு 11:17)

தம்பி, உனக்கு 18 முடிந்திருந்தால் நீ சொல்வதைக் காலேஜுக்கோ வார்டனுக்கோ சொல்ல மாட்டார்கள். ரகசியம் காப்பது அவர்களுடைய கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் காப்பாற்றுவதற்குத் தேவையானவரிடம் தேவையானதைச் சொல்வார்கள்.

ஒன்று நேராகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று சிலர் பயப்படுவார்கள், அப்படி வராது. நான் விழித்துத்தான் இருக்கிறேன்.

---

விடுதி அறை 14 (இரவு 11:31)

சில நாள். இன்றைக்குக் கொஞ்சம் அதிகம்.

---

பென்னாகரம் செவிலி (இரவு 11:33)

சொன்னாயே, அதுவே பெரிது. இப்போது இரண்டு காரியம் செய். அறையில் யார் இருந்தாலும் எழுப்பி, "எனக்கு மனசு சரியில்ல, இன்னிக்கு என் கூட இரு" என்று சொல். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் 14416க்கு போன் போடு. லைன் கிடைக்கவில்லை என்றால் 104. பேசவே முடியாத மாதிரி ஆனால் 108க்குச் சொல், அல்லது கூட இருக்கும் பையனோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போ, ராத்திரியிலும் பார்ப்பார்கள். தற்கொலைக்கு முயன்றால் போலீஸ் கேஸ் என்று பயப்படாதே. 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. பேசி முடித்ததும் இங்கே ஒரு வரி போடு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

---

தகடூர் வாத்தியார் (இரவு 11:40)

நானும் விழித்திருக்கிறேன் கண்ணு. 34 வருஷம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், அரியர் வைத்து அடுத்த முறை எழுதித் தேறிய பிள்ளைகள் இன்று என்னைத் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசுகிறார்கள். முதலில் போன் போடு.

---

விடுதி அறை 14 (இரவு 12:48)

பேசினேன். 40 நிமிஷம் பேசினார்கள். ஒரு அக்கா. முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார். சாப்பிடவில்லை. என் கூட இருப்பவன் மேகி செய்து கொடுத்தான், இப்போது பக்கத்துக் கட்டிலில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் இரண்டு அரியர் இருக்கிறதாம், இத்தனை நாள் எனக்குத் தெரியாது. நாளைக்கு ஓபிக்குக் கூட வருகிறேன் என்றான். நன்றி அக்கா. நன்றி ஐயா.

---

அரூர் கலையரசி வீடு

நேற்று ராத்திரி நடந்ததைப் படித்துவிட்டு எனக்கும் எழுதத் தைரியம் வந்தது. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். போன வருஷம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இவர் வண்டிக்கு முன்னால் ஒரு விபத்து. இவர் மேல் தப்பில்லை, இவருக்குக் காயமும் இல்லை. ஆனால் அடிபட்டவரைத் தூக்கியவர் இவர். வழியிலேயே அவர் இறந்துவிட்டார்.

அதிலிருந்து தொப்பூர் வழியாகப் போவதில்லை. சேலம் லோடு என்றால் அரூர், மஞ்சவாடி வழியாகச் சுற்றிப் போகிறார், டீசல் கணக்கு உதைக்கிறது, ஓனரிடம் ஏச்சு. குக்கர் விசில் அடித்தால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. தூக்கத்தில் காலால் பிரேக் மிதிக்கிறார், கட்டில் விளிம்பில் மிதித்து மிதித்துக் குதிகால் கன்றிப்போய் இருக்கிறது. பிரேக் லைனர் கருகுகிற வாசனை வருது என்று வீட்டுக்குள்ளேயே தேடுகிறார். குடியும் கூடிவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றால் "நான் என்ன பைத்தியமா" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுகிறார். நான் என்ன செய்ய?

---

பென்னாகரம் செவிலி

அக்கா, நீங்கள் எழுதியிருப்பது ஒவ்வொன்றும் பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனக்காயத்தின் அறிகுறி. நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, அந்த இடத்தை ஒதுக்குவது, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிவாரிப் போடுவது. இதற்கென்றே பேச்சுச் சிகிச்சை முறைகள் இருக்கின்றன, நன்றாகத் தெளிந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். இது கோழைத்தனம் இல்லை என்று மட்டும் அவர் காதில் போடுங்கள்.

மனநலம் என்ற வார்த்தையை விடுங்கள். "உங்களுக்குத் தூக்கம் இல்ல, குதிகால் புண்ணாயிருக்கு, அதைக் காட்டலாம்" என்று கேளுங்கள். அவர் குடிக்காத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். வரவில்லை என்றாலும் நீங்கள் முதலில் போய் வாருங்கள். வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால் கூட இருப்பவருக்கும் ஆலோசனை உண்டு, 14416லும் உங்களுக்காகவே பேசலாம். இன்னொன்று, நிலத்துக்கு வாங்கிய மருந்து எதுவும் இருந்தால் வீட்டுக்குள் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும்.

---

காவேரிப்பட்டணத்தான்

அக்கா, என் மனைவி என்னிடம் போ என்று ஒரு நாளும் சொல்லவில்லை. "நானும் வரேன்" என்று மட்டும்தான் சொன்னாள். வெறும் இரண்டு சொல், அதுதான் என்னை எழுப்பியது.

---

ஓசூர் நைட் ஷிஃப்ட்

அண்ணா, சனிக்கிழமை போய் வந்தேன். முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார்கள். ஷிஃப்ட் மாறும் வாரங்களில் தூக்கத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் இந்த முறை பேசினோம். அடுத்து இரண்டு வாரம் கழித்து. வேறு ஒன்றும் இப்போதைக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் போய்விட்டேன்.

---

அரூர் கலையரசி வீடு

17 நாள் கழித்து எழுதுகிறேன். முதல் வாரம் நான் தனியாகத்தான் போனேன். அப்புறம் ஒரு ராத்திரி இவர் மறுபடியும் பிரேக் மிதித்து எழுந்து உட்கார்ந்தபோது, தேங்காய் எண்ணெய் எடுத்துக் குதிகாலில் தடவிக்கொண்டே, "தூக்கத்துக்கு மட்டும் காட்டலாம், நானும் வரேன்" என்றேன். பதில் இல்லை. விடியற்காலையில் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரியில் அறைக்குள் வரவே இல்லை, வராண்டாவிலேயே நின்றார். உளவியலாளர் ஒரு தம்பி, வயது முப்பதுகூட இருக்காது. அவரே வெளியே வந்து, "எத்தனை டயர் வண்டிங்கண்ணா ஓட்டறீங்க?" என்று கேட்டார். பதினாலு டயர் என்றார் இவர். லோடு, டீசல், எந்த ரோட்டில் எந்த ஓட்டலில் சோறு நன்றாக இருக்கும் என்று நின்றபடியே இருபது நிமிஷம் பேசினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இவரே "உள்ள உக்காந்து பேசலாமா தம்பி" என்றார்.

தொப்பூர் பற்றி இன்னும் பேச ஆரம்பிக்கவில்லையாம். அவசரம் இல்லை, நீங்கள் சொல்லும்போதுதான் என்று சொல்லியிருக்கிறார்களாம். குடியை மட்டும் கணக்கு எழுதி வரச் சொன்னார்கள். பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறார்.

வியாழக்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை தனியாகப் பேச வேண்டும், நீ வெளியே இரு என்று அவரே சொல்லிவிட்டார். சரி என்று புளிச்சோறு கட்டிக்கொண்டு போகிறேன், முடிந்து வந்ததும் இரண்டு பேரும் அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று.